பிரதியும் காவலும்

பிரதி என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்கி வருகிறோம். ஏட்டிலிருந்து எடுத்த படியும் பிரதி. விமர்சகன் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிற நூலும் பிரதி. இரண்டாவது அர்த்தத்தைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. முதலாவதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஒரு நூல் நாளைக்கு இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குமாஸ்தா வேலைதான். எனக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தை முன்னிட்டு அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது கருங்கல்லில். ஊரின் பெயரில் கல் இருந்தாலும் இந்தப் பக்கத்து மனிதர்கள் தங்கள் கதைகளையும் கணக்குகளையும் எழுதி வைத்தது பனையோலையில். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை அதிக நாள் தாங்காது. ஆகவே ஓலையில் எழுதுவது என்றாலே, பின்னால் யாரோ ஒருவர் படியெடுப்பார் என்று நம்பி எழுதுவதுதான். அந்த நம்பிக்கை தவறிய இடங்களில் நூல் போய்விட்டது. வளையாபதி முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை. சீவக சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் உ.வே. சாமிநாதையரின் கையால் அச்சேறின என்றால், பெயர் தெரியாத பலர் தலைமுறைதோறும் உட்கார்ந்து படியெடுத்திருந்தார்கள் என்பதால்தான்.

நாஞ்சில் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் இருந்த ஓலைகள் இந்தப் பிரதேசத்தின் நிலம், வரி, வழக்கு, அடிமை ஆவணங்கள் இவற்றைப் பற்றிப் பேசுபவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் பார்த்துப் பலவற்றைக் காகிதத்தில் படியெடுத்தார். பிற்காலத்தில் அ.கா. பெருமாள் முதலியார் ஓலைகளை நூலாக்கினார். கவிமணியைக் குழந்தைப் பாடல்களுக்காக நினைவு வைத்திருக்கிறோம். பிறர் எழுதிய வறண்ட சாசனங்களைக் கண்ணுக்கு நோவு வர உட்கார்ந்து எழுதியெடுத்த கவிமணியும் அதே அளவு நினைக்கத் தக்கவர் என்பது என் அபிப்பிராயம்.

ஏடு படியெடுத்தவன் யந்திரம் அல்ல. வாசித்துக்கொண்டே எழுதினான். புரியாத இடத்தில் புரிந்த சொல்லைப் போட்டான், வரியை விட்டான், வில்லுப்பாட்டு ஏடாக இருந்தால் ஊருக்கு ஏற்றபடி நான்கு வரி சேர்த்தான். பிழை பொறுக்கும்படி கடைசியில் கேட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதன் விளைவுதான் பாடபேதம். எந்த இரண்டு ஏடும் ஒன்று போல் இருப்பதில்லை. அகிலத்திரட்டு அம்மானை எழுதப்பட்டது 1841இல்; அச்சானது 1939இல். இடைப்பட்ட ஏறக்குறைய 100 வருஷமும் ஓலைப் படிகளிலேயே அது வாழ்ந்தது. அந்தப் படிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியனுக்கு இது தலைவலி. ஆனால் ஒரு படியில் சிதைந்ததை இன்னொன்றைக் கொண்டு அவனால் சரி செய்ய முடிந்ததும் படிகள் வேறு வேறு கைகளில், வேறு வேறு காலத்தில் பிரிந்து போயிருந்ததால்தான்.

இந்தப் பழைய பிரச்சினை கணிப்பொறிக்காரர்களுக்கும் வந்தது. இரண்டு யந்திரங்களைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் இருக்கும் கோப்பு மற்றதிலும் மனிதத் தலையீடு இல்லாமல் தானாகவே இருக்கும்படி செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் அனுப்புவது வீண்; தொலைபேசி வழியாகப் போகும் காலத்தில் அது சாத்தியமும் இல்லை. 1996இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் இதற்கு ஆர்சிங்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். அதன் யுக்தி ஏடு ஒப்புநோக்குகிறவர்களுக்கு உடனே விளங்கும். பழைய படியை வைத்திருக்கும் யந்திரம் அதைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணக்கிடுகிறது. ஒன்று சுலபமாகக் கணக்கிடக்கூடியது. மற்றது கடினமானது, ஏமாறாதது. இந்த எண்களை மட்டும் எதிர்முனைக்கு அனுப்புகிறது. புதிய படியை வைத்திருக்கும் யந்திரம் தன் கோப்பின் மேல் எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டே அதே எண் எங்கே வருகிறது என்று தேடுகிறது. எண் ஒத்துப்போன பகுதியை அனுப்புவதில்லை. மாறிய பகுதி மட்டும் போகிறது. 1,000 பக்கத்தில் ஒரு சொல் மாறினால் அந்தச் சொல்லைச் சுற்றியுள்ள சின்னத் துண்டுதான் பிரயாணம் செய்யும்.

ஆனால் இது ஒருவழிக் காரியம். இரண்டு இடத்திலும் இரண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தால் எது சரியான படி? இந்தக் கேள்வி இன்னும் பழையது. வலையில் இணைந்த யந்திரங்களுக்குள் எது முன், எது பின் என்பதே எப்போதும் தீர்க்கக்கூடியதல்ல என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதினார். 1983இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு யந்திரமும் தான் செய்த மாற்றங்களை எண்ணி வைத்துக்கொள்ளட்டும். எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் ஒரு படி மற்றதிலிருந்து வளர்ந்ததா, அல்லது இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தனவா என்று தெரிந்துவிடும். பிரிந்திருந்தால் முரண் என்று அறிவித்து, தீர்ப்பை மனிதனிடம் விட வேண்டும். ஏறக்குறைய நம் பாடபேதக் குறிப்புதான். ஆனால் மனிதனைக் கேட்பது தொந்தரவு. ஆகவே பல நிரல்கள் சுலபமான விதியைப் பிடித்துக்கொண்டன: கடைசியாக எழுதப்பட்டதே உண்மை.

புதியதே உண்மை என்று நம்மில் சிலரும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறோம். அதன் பலனை நான் என் வீட்டில் பார்த்தேன்.

எங்கள் குடும்பக் கோயிலில் கொடைக்குப் பாடும் கதை ஒன்றின் ஏடு என்னிடம் இருந்தது. தொட்டால் ஒடியும் நிலை. இரண்டு வருஷம் உட்கார்ந்து அதைக் கணிப்பொறியில் ஏற்றினேன். ஏற்றும்போதே ஓலைகள் பல ஒடிந்து தூளாயின. எழுத்துத்தான் உள்ளே வந்துவிட்டதே என்று நான் அதிகம் வருந்தவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் என் மருமகன் கருங்கல்லுக்கு வந்து, என் யந்திரத்துக்கும் அவன் யந்திரத்துக்கும் இடையே தானாகப் பிரதியாகும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தான். நான் இங்கே ஒரு வரி திருத்தினால் சற்று நேரத்தில் அங்கேயும் திருந்தியிருக்கும். கவிமணிக்கு இது கிடைத்திருந்தால் எவ்வளவு நோவு மிச்சம் என்று நினைத்தேன்.

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தது. கோப்பு திறந்திருந்தபோதே மின்சாரம் போயிற்று. மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்த நாட்களில் ஏட்டைப் பற்றி யார் நினைப்பார்கள்? பல நாள் கழித்து மின்சாரம் வந்து யந்திரத்தைத் திறந்தபோது கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்ததால் அதன் நீளம் பூஜ்யமாகியிருந்தது. நாகர்கோவிலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“இங்கயும் ஒண்ணும் இல்லியே மாமா” என்றான். “கடைசியா மாறினது உங்க படிதானே. அதை அப்படியே எடுத்திருக்கு.”

யந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. பூஜ்யம்தான் புதியது, பூஜ்யத்தை அது உண்மையாக, பிழையில்லாமல் படியெடுத்தது. 1983இல் சொன்ன எண்ணிக்கை வழியும் இங்கே உதவியிருக்காது. என் பூஜ்யம் முறையான வாரிசுதான். இரண்டு படி இருப்பதாக நான் நம்பியது தவறு. ஒரே படி இரண்டு ஊரில் இருந்தது, அவ்வளவுதான்.

உலகத்தில் பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், இரண்டாவது டாய் ஸ்டோரி படம் தயாரிப்பில் இருந்தபோது, ஒரு தவறான கட்டளை படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தது. காப்புப் பிரதிகளும் சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காலின் சஸ்மன் என்ற தொழில்நுட்பப் பொறுப்பாளர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டு யந்திரத்தில் இருந்த பழைய படியைக் கொண்டு பெரும்பகுதியை மீட்டார்கள். அந்தப் படி பிந்தியிருந்தது, உடனுக்குடன் ஒத்துப்போகவில்லை. அதுவே காப்பாற்றியது.

பிந்திய படி கூட இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1981ஐ நினைத்தால் போதும். அந்த வருஷம் ஜூன் முதல் தேதி ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றோடு வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்துப் பொதுவில் வைத்ததற்குப் பின்னால் அந்த நெருப்பின் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பல நாடுகளிலிருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக விட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு ஏற்பாடே பெரிய காவல். யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டதை ஒரே கட்டளையில் அழிக்க முடியாது.

ஸ்டான்ஃபோர்டில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் என்ற நூலகத் திட்டம் இதை விதியாகவே வைத்தது. பல நூலகங்கள் தனித்தனியே படி வைத்திருக்கும். அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிடும். ஒன்று சிதைந்திருந்தால் பெரும்பான்மையைப் பார்த்துச் சரி செய்துகொள்ளும். பூச்சி அரித்த ஓலைக்கு இந்த வைத்தியம் சரி. பாடத்துக்கு இது போதாது. பத்து ஏட்டில் ஒன்பது தவறாகவும் ஒன்று சரியாகவும் இருக்கலாம் என்பதை ஏடு பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த ஒன்றையும் விட்டுவைப்பதுதான் பதிப்பு நேர்மை.

என் கதைக்குத் திரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் பாடும் வயதான அண்ணாவி ஒருவரிடம் அதே கதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஏட்டைப் பார்த்து அவருடைய ஆசான் எப்போதோ எழுதியது. கேட்டதும் தயங்காமல் கொடுத்தார். என் ஏட்டில் இருந்த சில பகுதிகள் அதில் இல்லை. என் ஏட்டில் இல்லாத ஒரு தாயின் புலம்பல் அதில் இருந்தது. ஒடியாமல் மிஞ்சிய ஓலைகளையும் நோட்டையும் வைத்து மறுபடியும் தட்டச்சிட்டேன். இரண்டும் வேறுபடும் இடங்களை வேறுபட்டபடியே குறித்திருக்கிறேன். ஓலையோடு தூளான பகுதிகள் போனவைதான். அவற்றை நினைவிலிருந்து நிரப்ப எனக்கு உரிமை இல்லை.

தானாகப் பிரதியாகும் ஏற்பாடு இப்போதும் இருக்கிறது. மருமகன் பழைய நிலைகளையும் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கும்படி அதை மாற்றியிருக்கிறான். அது போக, காகிதத்தில் மூன்று படி எடுத்துத் தைத்து ஒன்றை அண்ணாவிக்குக் கொடுத்தேன். சென்ற கொடைக்கு அதைப் பார்த்தே பாடினார். பிறகு வாங்கிப் பார்த்தபோது ஓரங்களில் பென்சிலால் திருத்தியிருந்தார். இரண்டு இடத்தில் வரியை அடித்து வேறு எழுதியிருந்தார். அந்தத் திருத்தங்களை நான் என் யந்திரத்தில் ஏற்றவில்லை. அவர் படி அவரிடம் இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.