உப்பு போன வழி

வேதாரண்யத்துச் சதுப்பிலும் தூத்துக்குடிக் கரையோரத்திலும் வரப்பு கட்டிப் பாத்தி பிரித்து விளைவிப்பது உப்பு. அங்கே நீரை வெளியேற்றும் வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். இந்தக் குணத்தால்தான் உப்பளம் வாழ்கிறது. இதே குணத்தால்தான் நொய்யல் ஆற்றங்கரை வயல்கள் பாழாயின.

அந்த ஆற்றங்கரையிலுள்ள திருப்பூருக்கு உப்பு வருவது சாயப்பட்டறைக்காக. தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் சட்டென ஒட்டாது. உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலில் ஏறும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். சில பட்டறைகளில் சோடியம் குளோரைடு, சிலவற்றில் சோடியம் சல்பேட். சாயத்தில் பெரும்பங்கு பனியனோடு கப்பலேறிவிடும். உப்பு துணியில் நிற்பதில்லை; போட்டதெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும்.

பல்லடம் சாலையில் அருள்புரம் தொடங்கி நகரத்தின் மறுமுனை வரை, பல ஆண்டுகளாக அந்த நீர் ஓடைகளில் இறங்கி நொய்யலைச் சேர்ந்தது. நகரத்துக்குக் கீழே அதே ஆற்றில் 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது நோக்கம். சில ஆண்டுகளிலேயே மதகைத் திறக்க வேண்டாமென்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயநீர்க் குட்டையாகிப்போனது.

பிறகு வழக்கு நடந்தது, தேங்கியதை வடித்தார்கள். நீர் வடிந்தது, உப்பு சுற்றுவட்டார மண்ணிலும் கிணறுகளிலும் உட்கார்ந்துகொண்டது. மண்ணில் சோடியம் மிகுந்தால் களித்துகள்களைப் பிணைத்திருக்கும் கால்சியத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மண் பொலபொலப்பை இழந்து இறுகும், மழைநீர் கீழே இறங்காது. ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் பயிர் கருகும்.

நீரை வெளியேற்றினால் மட்டும் போதாது, உப்பையும் தடுக்க வேண்டும் என்ற பாடம் நீரை வடித்து நிலம் எடுத்தவர்களுக்குப் பழையது. கேரளத்தின் குட்டநாட்டில் வேம்பநாட்டுக் காயலுக்குள் சேறும் மூங்கிலும் கொண்டு வரப்பு எழுப்பி, நீரை இறைத்து, கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைத்தார்கள். 1940-களில் ஜோசப் முரிக்கன் என்பவர் உருவாக்கிய சித்திரை, மார்த்தாண்டம், ராணிக் காயல் வயல்கள் அப்படிப்பட்டவை. தொடக்கத்தில் ஆட்கள் மிதிக்கும் சக்கரங்களும் பின்னர் இயந்திரங்களும் குட்டநாட்டு நீரை இறைத்தன. ஆனால் இறைப்பதோடு வேலை முடியவில்லை. கோடையில் ஏறிவரும் கடலுப்பைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்ட வேண்டியதாயிற்று. அங்கே உப்பு கடலிலிருந்து மேலேறி வந்தது. நொய்யலிலோ ஊரிலிருந்து கீழிறங்கி வந்தது. கடலுக்குக் கதவு போடலாம். ஊரின் உப்பை ஊரிலேயே நிறுத்தியாக வேண்டும்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் நிற்காததால் 2011 ஜனவரி 28-ல் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூட உத்தரவு வந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

இப்போது அருள்புரம் போன்ற இடங்களில் உள்ள பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடித்துப் பிரிக்கின்றன. நல்ல நீர் பட்டறைக்குத் திரும்புகிறது. எஞ்சிய உவர்நீரையும் அப்படியே சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள், அல்லது கொதிக்கவைத்து உப்பாக்குகிறார்கள். உப்பளத்தில் வெயில் இலவசமாகச் செய்த வேலையை இங்கே மின்சாரமும் விறகும் செய்கின்றன. அப்படியும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளில் மிஞ்சுகிறது. அதையும் மழை படாமல் காக்க வேண்டும்.

கெட்ட நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, வடிகால் வெட்டி, நல்ல நீரால் பல பருவம் கழுவினால் விளைச்சல் திரும்பும். அவ்வளவு நல்ல நீர் நொய்யலில் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. ஆகவே பட்டறை வாசலில் உப்பைப் பிடிக்க ஆகும் செலவு எவ்வளவு அதிகமாகத் தெரிந்தாலும், வயலில் இறங்கிய உப்பை வெளியேற்றும் செலவைவிட அது குறைவுதான்.