கையைத் தூக்க ஒரு நொடி

நாங்கள் திலக் நகருக்குக் குடிவந்த புதிதில், பால்கனியில் நின்றால் குர்லா டெர்மினஸ் ரயில் சத்தம்தான் கேட்கும். ஊருக்குப் போகும் வண்டி என்று நினைத்தாலே மனசு லேசாகும். அப்புறம் சாந்தாகுருஸ் - செம்பூர் இணைப்புச் சாலை வந்தது. 2003-ல் ஆரம்பித்த வேலை 2014 ஏப்ரலில்தான் முடிந்து திறந்தார்கள். அத்தனை வருஷமும் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு கிரேன்தான் வேடிக்கை.

கட்டுமானத் துறையில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் மகன் என்னிடம் கேட்டான்: "அப்பா, 50 டன் கிரேன்னா 50 டன் தூக்குமா?"

தூக்காது. நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கிவிடலாம். அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்! கிரேனும் அப்படித்தான். சுமை தள்ளிப் போகப் போக, தூக்கும் சக்தி மளமளவென்று குறையும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை என்று கேபினுக்குள் ஓர் அட்டவணை இருக்கும். அதுகூட, ஊன்றிய கால்களுக்குக் கீழே தரை கெட்டியாக இருந்தால்தான் செல்லும்.

இனி கொஞ்சம் சரித்திரம்.

2009 ஜூலை 12, டெல்லி ஜம்ருத்பூர். மெட்ரோ பாலத்துக்கு கர்டர் ஏற்றும்போது கட்டுமானம் சரிந்து 6 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு தூணில் விரிசல் இருந்தது முன்பே தெரிந்த விஷயம். மெட்ரோ தலைவர் ஸ்ரீதரன் அன்றே பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார் (ஏற்கப்படவில்லை). 1964 புயலில் சிதைந்த நம் பாம்பன் பாலத்தை 46 நாளில் மீட்டவர் அவர்தான். மறுநாள் இடிபாடுகளை அகற்ற வந்த கிரேன் ஒன்று சாய, பக்கத்து கிரேன்களும் வரிசையாகக் கவிழ்ந்து இன்னும் 6 பேருக்குக் காயம். நேற்று விபத்து நடந்த அதே இடத்தில், இன்று அவசரம்.

அடுத்தது நம் தானே மாவட்டத்திலேயே. 2023 ஜூலை 31 நள்ளிரவு தாண்டி, ஷாகாபூர் அருகே சம்ருத்தி விரைவுச் சாலைப் பாலத்தில் கர்டர் லாஞ்சர் சரிந்து விழுந்தது. 20 பேர் போனார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்றே 1996-ல் தனிச் சட்டமும் 1998-ல் விதிகளும் வந்தன. 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போனது. சிங்கப்பூரில் 2011 முதல், கிரேனில் சுமை தூக்குமுன் எழுத்தில் திட்டம் வேண்டும். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது, கிரேன் வேலையில் உலகம் முழுக்கச் சொல்லித்தரும் ஒரு பழைய விதி. 'தூக்கு', 'இறக்கு' என்று சைகை காட்ட ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம். ஆனால் 'நிறுத்து' என்று யார் கை காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். சிமென்ட் சுமக்கும் சித்தாள் காட்டினாலும்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வேலையில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு சைட்டில் கிரேனின் ஒரு கால் மழையில் ஊறிய மண்ணில் நிற்பதைப் பார்த்தேன். அடியில் மரக்கட்டை இல்லை. 'பெரியவங்க இருக்காங்க, நாம என்ன சொல்றது' என்று வாயை மூடிக்கொண்டேன். கால் புதைந்தது, வண்டி சாய்ந்தது. உயிர் போகவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போச்சு. அவன் கடைசி வரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டான்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இங்கே மும்பையிலோ, உங்கள் வீட்டில் யாராவது சைட் வேலைக்குப் போகிறார்களா? இன்று போன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்: தப்பாகப் பட்டால் கையைத் தூக்கு. சின்னவன், புதுசு, பாஷை தெரியாது என்றெல்லாம் யோசிக்காதே.

அன்றைக்கு நான் தூக்கியிருக்கலாம்.