கல்முனைக் கரையில் அரசியல் யாப்புக் கல்வி

மருதமுனை முதல் பொத்துவில் வரை கடலோரமாகத் தொடரும் ஊர்களில் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இருசாரார்க்கும் தாய்மொழி தமிழே. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இந்நிலம் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது. இங்கே பதினைந்து வயது மாணவர்க்கு நாட்டின் அரசியல் யாப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், பாடநூல் வாசகங்களை ஒப்புவிக்கச் செய்து அமைதல் எளிது. ஆயின் அவ்வாசகங்களைப் பற்றிய பிணக்கை வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்டபின்னரே மாணவன் வகுப்புக்கு வருகின்றான். பிணக்குக்குரிய பிரிவுகளை அவை பிறந்த வரலாற்றோடு கற்பித்தலே அவனுக்குப் பயன்படும்.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு நல்ல தொடக்கமாகும். ஒரு சமூகத்தார்க்கு மட்டும் தடையோ சலுகையோ விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என அது விதித்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. அச்சட்டத்துக்குச் சற்று முன் நிகழ்ந்த தேர்தலில் கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளரையே தெரிந்தனுப்பின. வென்றோர் பின்னர் அரசாங்கப் பக்கம் சேர்ந்தனர் என்பதையும் மாணவர்க்கு மறைத்தலாகாது.

சிங்களப் பரீட்சையில் தேறாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட இயலாது எனக் கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கிடலாம் என 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் முடிவு செய்து, மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதா என்னும் வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. விடை பிறக்குமுன் 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. தீர்ப்பற்று நின்ற இவ்வழக்கைப்போல் வகுப்பறைக்கு ஏற்ற பொருள் வேறில்லை. அரசின் பக்கம் வாதிடும் மாணவன், ஆங்கில ஆட்சியில் சிங்களமும் அலுவலக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது என்ற மனக்குறையை முழு வலிவோடு எடுத்துரைத்தல் வேண்டும். எதிரியின் வாதத்தை இளைத்த உருவிற் காட்டும் பாடம் வீண்பாடம்.

1978ஆம் ஆண்டு யாப்பின் 18ஆம் உறுப்புரையில் இலக்கண ஆசிரியர்க்கும் வேலையுண்டு. அங்கே சிங்களம் அரசகரும மொழி என முதலிற் கூறப்பட்டிருந்தது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் ‘தமிழும்’ என்று சேர்த்தது. அவ்வும்மை எச்சவும்மையாய் இரண்டையும் நிகராக்குகின்றதா, பின்னிணைத்த சலுகையாய் நிற்கின்றதா என்று மாணவர் ஆராயலாம்.

மொழியில் ஒன்றுபட்ட இக்கரை, மாகாண எல்லையில் ஒன்றுபடவில்லை. வடக்கும் கிழக்கும் 1988இல் இணைக்கப்பட்டன. கிழக்கு மக்களிடம் நடத்துவதாகக் கூறிய வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவ்விணைப்புச் செல்லாது என்றது. விபுலானந்தர் பிறந்த காரைதீவில் இத்தீர்ப்பு வாசிக்கப்பட்டவாறே அயலிலுள்ள சாய்ந்தமருதில் வாசிக்கப்பட்டிருக்கும் எனக் கொள்வதற்கில்லை.

இவையெல்லாம் பிறர்மேற் குறைகூற இடந்தரும் பிரிவுகள். பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கும் 9ஆம் உறுப்புரையைப் பற்றி மணிக்கணக்கிற் பேசும் ஆசிரியர், 16ஆம் உறுப்புரையை விரைந்து கடத்தல் கூடும். யாவரும் சட்டத்தின்முன் சமம் என 12ஆம் உறுப்புரை கூறுகின்றது; முன்னரே நடைமுறையிலிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என 16ஆவது கூறுகின்றது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அந்நிழலில் நின்றது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. முஸ்லிம் சட்டமோ, பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியின் மணத்துக்கு மட்டும் காழியின் அனுமதியை வேண்டியது. இப்பாடத்தைக் கேட்டிருக்கும் மாணவிக்கு இது ஏட்டுச் செய்தியன்று.

அச்சட்டம் சிறுபான்மையினர் தம் சமய வாழ்வுக்குக் கொண்ட காவல் என்பார் உளர். மனிதர் இயற்றிய சட்டத்தை மனிதர் திருத்தலாம் என்பாரும், அவருள் முஸ்லிம் பெண்கள் பலரும், உளர். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு, 2018இல் தன் அறிக்கையை அளித்தபோது, அதன் உறுப்பினரே இரு பிரிவாய்ப் பிரிந்து வெவ்வேறு பரிந்துரைகளைக் கூறினர். அவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பதற்கு ஒரு பாடவேளை போதாது.