தேயிலைத் துளைவண்டு

தேயிலைத் துளைவண்டு (யூவலேசியா பெர்பிரெவிசு) என்பது தேயிலைச் செடியின் கிளைகளைத் துளைத்து, அத்துளைக்குள் பூஞ்சை வளர்த்து உண்டு வாழும் மிகச் சிறிய வண்டினம் ஆகும். கூன்வண்டுக் குடும்பத்தில் பட்டை வண்டுகள் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையின் மலையகத்திலும், தமிழ்நாட்டில் வால்பாறை உள்ளிட்ட ஆனைமலைப் பகுதியிலும் தேயிலைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் பூச்சிகளுள் ஒன்றாக இது நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. எனினும் இது தனி இனம் என்பது 2019ஆம் ஆண்டிலேயே உறுதியாயிற்று. அதுவரை நூல்களிலும் ஆய்வேடுகளிலும் இவ்வண்டு வேறோர் இனத்தின் பெயரால் வழங்கி வந்தது.

தோற்றம்

பெண் வண்டு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளமே உடையது. எள் விதையைவிடவும் சிறியது. உருளை வடிவும் கருமை அல்லது கரும்பழுப்பு நிறமும் கொண்டது. ஆண் வண்டு அதனினும் சிறியது. அதனால் பறக்க இயலாது. பிறந்த துளையிலேயே வாழ்ந்து மடிவதால் ஆண் வண்டுகள் மனிதர் கண்ணில் படுவது அரிது. கிளையில் காணப்படும் நுழைதுளை, வேட்டைத் துப்பாக்கியின் சிறு ஈயக்குண்டு பாய்ந்த துளையைப் போன்றிருக்கும். இதன் ஆங்கிலப் பெயர் இதனாலேயே ஏற்பட்டது.

வாழ்க்கை முறை

இவ்வண்டு மரத்தை உண்பதில்லை. பெண் வண்டின் தலைக்குள், வாய்க்கு அண்மையில் சிறு பைகள் உள்ளன; அவற்றில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து செல்கின்றது. புதிய கிளையைத் துளைத்தபின் அத்துளையின் சுவர்களில் பூஞ்சையை விதைக்கின்றது. தாயும் புழுக்களும் உண்பது இப்பூஞ்சையையே. பயிர் செய்து உண்ணும் பூச்சி என்று இதனைக் கூறலாம். எறும்புகளிலும் கறையான்களிலும் சில இனங்கள் இவ்வாறு பூஞ்சை வளர்க்கின்றன. இலங்கைத் தேயிலையிலிருந்து பெறப்பட்ட இப்பூஞ்சையை காட், லூசு ஆகிய இருவரும் 1947இல் விவரித்தனர். இன்று அது ஃபியூசேரியம் அம்புரோசியம் என்று அழைக்கப்படுகின்றது.

இனப்பெருக்கமும் விந்தையானது. கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் தோன்றுகின்றன. ஒரு துளையில் பிறக்கும் குஞ்சுகளுள் ஆண்கள் மிகச் சிலவே. பெண் வண்டுகள் வெளியேறும் முன்பே உடன்பிறந்த ஆணுடன் கூடிவிடுகின்றன. ஆகவே தனியொரு பெண் வண்டு புதிய நாட்டில் போய்ச் சேர்ந்தாலும் ஒரு குடியிருப்பு உருவாகிவிடும். மரச்சாமான், மரப்பெட்டி, நாற்று ஆகியவற்றின் வழியே இவ்வகை வண்டுகள் உலகெங்கும் எளிதாகப் பரவியமைக்கு இது ஒரு காரணம் எனலாம்.

பெயர்க் குழப்பம்

செருமானியப் பூச்சியியலாளர் ஐக்காஃப் 1868இல் இலங்கையிலிருந்து கிடைத்த வண்டுகளைக் கொண்டு சைலெபோரசு ஃபோர்னிகேட்டசு என்ற இனத்தை விவரித்தார். பின்னர் இலங்கைத் தேயிலையில் இதே தோற்றமுடைய வண்டு பெருகியபோது அதற்கும் இப்பெயரே இடப்பட்டது. 1923இல் எக்கர்சும், 1942, 1951ஆம் ஆண்டுகளில் செடலும் நெருங்கிய வடிவங்களுக்கு வேறு பெயர்கள் சூட்டினர். ஆயினும் கண்ணால் பிரித்தறிய இயலாத அளவு அவை ஒத்திருந்தமையால், பிற்காலத்தவர் பலர் அனைத்தையும் ஒரே இனமாகவே கொண்டனர்.

2009இல் இசுரேலின் வெண்ணெய்ப்பழத் தோட்டங்களிலும், 2012இல் கலிபோர்னியாவின் லாசு ஏஞ்சலசு பகுதியிலும் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. அங்குக் கிடைத்த வண்டும் வடிவில் தேயிலை வண்டாகவே தோன்றியது. மரபணுவை ஒப்பிட்டபோது தேயிலை வண்டிலிருந்து அது பெரிதும் வேறுபட்டது. 2018இல் கோமசு முதலானோர் இக்கூட்டத்தை நான்கு இனங்களாக வகுத்தனர். அவற்றுள் யூவலேசியா குரோசியோ முற்றிலும் புதிய இனம். கிழக்காசியக் கடலோரம் ஓடும் குரோசியோ நீரோட்டத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. கலிபோர்னியாவின் திகுவானா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வில்லோ மரங்களை அழித்தது இவ்வினமே. ஃபோர்னிகேட்டசு என்ற பழைய பெயர் தேயிலை வண்டுக்கே விடப்பட்டது.

இம்முடிவுக்கு ஒரு குறை இருந்தது. ஓர் இனத்தின் பெயர் எதற்கு உரியது என்பதை முடிவு செய்வது அவ்வினத்தின் மூல மாதிரி ஆகும். ஐக்காஃபின் மாதிரிகள் இரண்டாம் உலகப் போரில் ஆம்பர்க் அருங்காட்சியகத்தோடு அழிந்தன என்றே கருதப்பட்டு வந்தது. ஆனால் அவற்றுள் ஒன்று பின்னர் வேறிடத்தில் கண்டெடுக்கப்பட்டது. சுமித்து முதலானோர் 2019இல் அதனை அளந்து பார்த்தபோது, அது தேயிலை வண்டாக இல்லை. கலிபோர்னியாவிலும் இசுரேலிலும் மரங்களை அழித்த வண்டாக இருந்தது. எனவே ஃபோர்னிகேட்டசு என்ற பெயர் அவ்வண்டுக்குச் சென்றது. தேயிலை வண்டுக்கு, 1951இல் செடல் இட்டுப் பின்னர் கைவிடப்பட்ட பெர்பிரெவிசு என்ற பெயர் மீட்டளிக்கப்பட்டது. தேயிலையின் பகைவன் என நூறாண்டுக்கும் மேலாக எழுதப்பட்ட பெயர் இவ்வாறு அதனை விட்டு நீங்கியது.

இது வெறும் பெயர் விளையாட்டன்று. பழைய ஆய்வேடுகளில் ஃபோர்னிகேட்டசு எனக் குறிக்கப்படும் வண்டு பெர்பிரெவிசா, ஃபோர்னிகேசியரா, உண்மையான ஃபோர்னிகேட்டசா என்பது இப்போது ஒவ்வொன்றாக ஆராயப்பட வேண்டியுள்ளது. இயற்கைப் பகைவர்களை எந்நாட்டில் தேடுவது, எந்தச் சரக்கைத் துறைமுகத்தில் தடுப்பது என்பனவும் இதனையே சார்ந்துள்ளன.

தேயிலையில் விளையும் கேடு

துளை பெரும்பாலும் கிளையைச் சுற்றி வளையமாகச் செல்வதால் கிளை வலுவிழக்கின்றது. கொழுந்து பறிப்போரின் உடல் பட்டாலே அது முறிந்துவிடும். கவாத்து செய்தபின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் தாக்குதல் மிகுதி. தண்டினுள் வாழும் பூச்சி ஆதலால் மருந்து எட்டுவதில்லை.

இலங்கையில் 1950களின் பிற்பகுதி முதல் டையெல்டிரின் என்னும் கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது, ஆனால் தேயிலை இலைசுருட்டிப் புழு பெருகியது. அப்புழுவைக் கட்டுப்படுத்த 1930களில் சாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மேக்ரோசென்ட்ரசு ஒட்டுண்ணிக் குளவியை அந்நஞ்சு கொன்றதே காரணம். வேளாண் பூச்சியியல் மாணவர்களுக்கு இது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகின்றது. தென்னிந்தியத் தோட்டங்களில் மொன்டனோவா செடியின் வாடிய தண்டுகளைப் பொறியாக வைத்து வண்டுகளை ஈர்த்து அழிக்கும் முறையும், பிவேரியா பூஞ்சையைத் தெளிக்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளன.

உறவு இனத்தின் பரவல்

ஃபோர்னிகேட்டசு இனம் 2017இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்சுபர்க் தாவரவியல் பூங்காவில் காணப்பட்டு, பின்னர் அந்நாட்டு நகரங்கள் பலவற்றிற்குப் பரவியது. 2021இல் மேற்கு ஆசுதிரேலியாவின் பெர்த் நகரை அடுத்த கிழக்கு ஃபிரீமாண்டிலில் கண்டறியப்பட்டது. பல மரங்களை வெட்டியும் முற்றாக ஒழிக்க இயலாது என 2025இல் முடிவு செய்யப்பட்டு, ஒழிப்புத் திட்டம் கட்டுப்படுத்தும் திட்டமாக மாற்றப்பட்டது. ஆமணக்கு இவ்வினம் இனப்பெருக்கம் செய்யும் செடிகளுள் ஒன்றாகும்.