பாக்கெட்டில் இருந்த சாட்சி

வடமதுரையில் என் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்துக் கிணறுகளைப் பார்த்திருக்கிறீர்களா? சும்மா கிணறு என்று சொன்னால் அதுவே கோபித்துக்கொள்ளும். பாறையை வெடி வைத்துப் பிளந்து, ஒரு வீட்டைத் தூக்கி உள்ளே வைக்கிற அளவுக்குத் தோண்டியிருப்பார்கள். மழை பொய்த்தால் அடியில் தவளைகூட இருக்காது. மழை பெய்துவிட்டாலோ ஊர்ப் பையன்கள் மொத்தப் பேரும் அதற்குள்தான் குடியிருப்பார்கள்.

அப்படி மழை பெய்த ஒரு வருஷம், அக்காவின் இரண்டு பையன்களும் ஆளுக்கொரு கேமராவோடு லீவுக்கு வந்திருந்தார்கள். மூத்தவன் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். அவனிடம் இருந்தது டி.எஸ்.எல்.ஆர். லென்ஸையும் சேர்த்தால் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தாங்க வேண்டும். இளையவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவன் வாங்கியிருந்தது சோப்பு டப்பா சைஸில் ஒன்று. கீழே விழுந்தால் உடையாது, தண்ணீருக்குள் போட்டால் சாகாது என்று அட்டைப் பெட்டியிலேயே படம் போட்டிருந்தான்.

அன்று மத்தியானம் சின்னவன் அந்த சோப்பு டப்பாவைக் கையில் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் குதித்தான். பையன்கள் தலைகீழாகப் பாய்வது, தண்ணீருக்குள் கன்னம் உப்பிச் சிரிப்பது, மேலே வட்டமாகத் தெரிகிற வானம், எல்லாவற்றையும் எடுத்தான். நடுவில் ஒருமுறை படிக்கட்டுப் பாறையில் விழுந்து இரண்டு குட்டிக்கரணம் போட்டது அது. ஒன்றும் ஆகவில்லை. பெரியவனின் கேமரா அவ்வளவு நேரமும் மோட்டார் ரூமுக்குள் துண்டு சுற்றிப் படுத்திருந்தது.

சாயங்காலம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் ஆட்டம் தலைகீழாக மாறியது. விளக்கு வெளிச்சம்தான். பெரியவன் எடுத்த படத்தில் தூணில் இருக்கிற சிற்பத்தின் நகம்கூடத் தெரிந்தது. சின்னவனுடையது புளிக்குழம்பைக் கொட்டிய மாதிரி இருந்தது. காரணம் பெரிய ரகசியமில்லை. வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் என்கிற சில்லு, அந்தச் சின்ன கேமராவில் கிட்டத்தட்ட சுண்டுவிரல் நக அளவு. பெரியவனிடம் இருந்த ரகத்தில் அதைப்போலப் பதின்மூன்று மடங்கு பரப்பு. மழையில் அண்டாவை வைத்தவனும் டம்ளரை வைத்தவனும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்க முடியுமா?

ராத்திரி சாப்பாட்டில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

''மாமா, நீங்களே சொல்லுங்க. எது நல்ல கேமரா?''

பி.காம். படித்தவனிடம் கேட்டால் அவன் முதலில் விலையைத்தான் விசாரிப்பான். விசாரித்தேன். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டு எனக்குப் புரையேறியது. அப்புறம் ஒரு கதை சொன்னேன். அதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். ஒரு பெரிய கேமராவும் ஒரு சட்டைப்பை கேமராவும் ஒரே மலைக்குப் போன கதை. சின்னதின் சொந்தக்காரர் நம்மூர் டாக்டர்.

அதற்கு முன்னால் ஒன்று. கேமரா என்றாலே பெரிசு என்றுதான் ஒரு காலம் இருந்தது. 1858ல் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால் எல்லாவற்றையும் படம் எடுத்தார். சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். அவருடைய நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். ஃபிலிம் இல்லை, காகிதம்! மெழுகு பூசிய காகிதம். சாமான்களைச் சுமக்க மாட்டு வண்டிகள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்குப் பார்த்தாலும் மலைப்பாக இருக்கும். ஆனால் புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கிற இருப்பில் இந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது என்று கடையைச் சாத்திவிட்டார். கணக்குப்பிள்ளைகள் அப்படித்தான். திட்டாதீர்கள், நானும் அந்த ஜாதி.

பிறகு 1888ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் முதல் கோடாக்கை 25 டாலருக்கு விற்றார். 1912ல் அதே கம்பெனி ஒரு குட்டியைப் போட்டது. வெஸ்ட் பாக்கெட் கோடாக். பேரிலேயே இருக்கிறது, உள்கோட்டின் பைக்குள் வைக்கலாம். மடக்கினால் ஒரு அங்குலத் தடிமன், எடை ஏறக்குறைய கால் கிலோ, விலை 6 டாலர். இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி நீளும். ஒரு சுருளில் எட்டே படம். லென்ஸ் சுமார்தான். ஷட்டர் வேகத்தில் பெரிய வித்தையெல்லாம் கிடையாது. ஆனால் உலோக உடம்பு. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு பதுங்குகுழிக்குப் போனார்கள். மேலிடம் தடை போட்டும் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்றது என்றால் பாருங்கள்.

அப்படி ஒன்றை வைத்திருந்தவர்களில் ஒருவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். இங்கிலாந்துக்காரர், அறுவை சிகிச்சை நிபுணர், நன்றாகப் படம் வரைவார், அதைவிட நன்றாக மலை ஏறுவார். 1922ல் எவரெஸ்டுக்குப் போன குழுவில் இருந்தார். அந்த முறை பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்துபோனார்கள். செத்தவர்களில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை என்பது அவரை ரொம்பவே உறுத்தியது. ஊருக்குத் திரும்புவதற்கு முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாமே என்று தெற்கே வந்தவர், நெய்யூருக்குப் போனார்.

இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்ய உள்ளே ஒரே ஒரு டாக்டர். சோமர்வெல் அங்கேயே முடிவெடுத்துவிட்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்துக்கு ஒரு கும்பிடு. நெய்யூரில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வேலூர் மருத்துவக் கல்லூரியில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். மொத்தத்தில் ஏறத்தாழ நாற்பது வருஷம் தெற்கத்தி மக்களுக்குக் கத்தி பிடித்த கை அது.

நடுவில், 1924ல், மறுபடி எவரெஸ்ட் கூப்பிட்டது. போனார், பாக்கெட்டில் அந்தக் குட்டி கோடாக்கோடு.

இப்போது பெரிய கேமராவுக்கு வருவோம். அந்தப் பயணத்தின் படப்பிடிப்பு மொத்தமும் ஜான் நோயல் என்பவர் கையில். சும்மா இல்லை, படங்களின் உரிமைக்கு 8,000 பவுண்ட் கொடுத்திருந்தார். 1924ல் எட்டாயிரம் பவுண்ட்! பயணத்தின் நிதிக் கவலையே தீர்ந்துபோனது. தனக்கென்றே இலகு உலோகத்தில் ஒரு சினிமா கேமரா செய்து வாங்கியிருந்தார். அதில் 20 அங்குல லென்ஸ். மைல் கணக்கான தூரத்தில் நகர்கிற மனிதனைப் பிடித்துவிடும். எடுத்த சுருளை ஆட்கள் ஓடிக் கொண்டுபோய்ச் சேர்க்க, கழுவுவதற்கு டார்ஜிலிங்கில் தனிக்கூடம். அந்தக் காலத்து அசகாய டி.எஸ்.எல்.ஆர். என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே சிக்கல்தான். அதை உச்சிக்குப் பக்கத்தில் தூக்கிப்போய் நிறுத்தி வைத்துப் படமெடுப்பது நடக்கிற காரியமாக இல்லை.

சோமர்வெல்லின் குட்டி மேலே போனது. ஜூன் 4. அவரும் நார்ட்டனும், ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல். 28,000 அடிக்குப் பக்கத்தில் சோமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நீ போ என்று நார்ட்டனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? கையில் கேமராவை எடுத்தார். சரிவான பாறையில், குனிந்த முதுகோடு போகிற நார்ட்டனின் படம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. நார்ட்டன் தொட்ட உயரம் 28,126 அடி. ஆக்ஸிஜன் இல்லாமல் அதைத் தாண்ட 1978 வரை ஆள் கிடையாது. இறங்கும்போது சோமர்வெல்லுக்கு மூச்சே நின்றுவிட்டது. முன்னால் போன நார்ட்டன், இவர் ஓவியம் வரைய உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாராம்! சாகிற நிலையில் இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே ஓங்கி அழுத்தினார் டாக்டர். பனியில் வெந்துபோன தொண்டைச் சவ்வு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. பிழைத்தார்.

கீழே முகாமில் அடுத்த ஜோடி தயாராக இருந்தது. ஜார்ஜ் மல்லோரி, வயது 37. சாண்டி இர்வின், வயது 22. மல்லோரிக்கு மறதி ஜாஸ்தி. தன் கேமராவை எடுத்துவர மறந்திருந்தார். சோமர்வெல் தன் கோடாக்கைக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாறியது, ஆறு டாலர் சமாசாரம்.

உச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், மேல் முகாமிலிருந்து நோயலுக்கு ஒரு சீட்டு அனுப்பினார் மல்லோரி. நாளை எட்டு மணிக்கு இன்ன இடத்தில் எங்களைத் தேடுங்கள் என்று. அதிலும் காலை எட்டு என்பதற்குப் பதில் இரவு எட்டு என்று எழுதிவிட்டார். நோயலுக்குப் புரிந்தது. ஜூன் 8 அன்று 20 அங்குல லென்ஸை உச்சியை நோக்கித் திருப்பி வைத்துக் காத்திருந்தார்.

மேகம்!

உச்சி முழுக்க மூடிக்கொண்டது. உலகத்திலேயே உசத்தியான கேமரா, சரியான இடத்தில், சரியான நேரத்தில், பஞ்சுப் பொதியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மேலே தனியாக வந்துகொண்டிருந்த ஓடெல் என்கிற சகா மட்டும் 12.50க்கு மேகம் சற்றே விலகியபோது, மேட்டு முகட்டில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் நகர்வதைப் பார்த்தார். அவரிடம் இருந்தது இரண்டு கண்கள்தான். மறுபடி மேகம் மூடியது. மல்லோரியையும் இர்வினையும் உயிரோடு யாரும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேல் முகாமில் போர்வைகளைச் சிலுவை மாதிரி பனியில் விரித்தார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது சேதி. அந்தச் சிலுவையை நோயலின் லென்ஸ் தெளிவாகப் பார்த்தது.

செத்தது சரி, உச்சியைத் தொட்டுவிட்டுச் செத்தார்களா, தொடாமலேயா? தொட்டிருந்தால் டென்சிங்கும் ஹிலாரியும் இரண்டாவது ஜோடி. 29 வருஷம் கழித்து வந்தவர்கள். சரித்திரப் புத்தகத்தில் ஒரு பக்கத்தையே மாற்ற வேண்டும். இதற்குச் சாட்சி சொல்லக்கூடியது அந்த எட்டுப் படச் சுருள் ஒன்றுதான்.

1953 மே 29 அன்று உச்சியில் ஹிலாரி எடுத்த கேமராவும் பெரிசு ஒன்றும் இல்லை. மடக்குகிற ரகக் கோடாக் ரெட்டினா, அதுவும் செகண்ட் ஹேண்ட். டென்சிங் கொடியைத் தூக்கி நிற்கிற படம் அதில் எடுத்ததுதான். ஹிலாரியின் படம் கிடையாது. கேமரா பிடிக்கத் தெரியாத டென்சிங்குக்கு எவரெஸ்ட் உச்சியில் வகுப்பெடுக்க முடியாது என்று விட்டுவிட்டார். மல்லோரி வந்துபோன தடயம் ஏதாவது கிடக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். ஒன்றும் இல்லை. இதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தொன்பது வருஷப் பனிக்கு அடியில் எது தெரியும்?

1999 மே 1 அன்று மல்லோரியின் உடல் கிடைத்தது. பையில் கடிதங்கள், உடைந்த உயரமானி, கறுப்புக் கண்ணாடி. கேமரா இல்லை. அப்படியானால் இர்வினிடம் இருக்க வேண்டும் என்று அலைந்தார்கள். 2024 செப்டம்பரில் மலையின் வடக்குப் பக்கம், வெகு கீழே, பனியாற்றில் ஒரு பூட்ஸ் கிடைத்தது. உள்ளே ஒரு பாதம். காலுறையில் சிவப்பு நூலில் இர்வினின் பெயர். கேமரா அப்போதும் கிடைக்கவில்லை.

என் கதை முடிந்தபோது சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோயிருந்தது. பெரியவனுக்கு லேசாகக் கோபம். ''மேகம் வந்தா என் கேமரா என்ன மாமா பண்ணும்?'' என்றான். நியாயமான கேள்வி. நோயல் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் எடுத்த சினிமா நூறு வருஷம் கழித்தும் பார்க்கக் கிடைக்கிறது. சோமர்வெல்லின் கேமரா கிடைக்கவில்லை. கிணற்றுக்குள் குதித்தவனுக்கும் இது பொருந்தும் என்று சின்னவனைப் பார்த்துச் சொன்னேன். கயிறு அறுந்தால் அவ்வளவுதான்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ''கிடைச்சா மட்டும் என்ன மாமா, நூறு வருஷத்து ஃபிலிம்ல படம் இருக்குமா?''

இருக்கும் என்றுதான் கோடாக் நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைச் சுருள், உறைகுளிர், வறண்ட காற்று. கழுவினால் அச்சுப் போடுகிற அளவுக்கு ஏதாவது வரும். ஆனால் கண்டெடுக்கிறவர் ஆசைப்பட்டு அங்கேயே திறந்துவிடக் கூடாது. அப்படியே குளிரிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும்.