அகார்: ஆய்வகம் ஏறிய அடுப்படிச் சொல்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஓயாமல் காதில் விழும் சொல் ‘அகார்’. தமிழ்க் காதுக்கு அது அகர்பத்தியை நினைவூட்டும். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அகர்பத்தியில் இருப்பது வடமொழி ‘அகரு’. நம் அகில் மரத்தின் இனத்துச் சொல். ஆய்வகத்து அகார் கடல் வழியே வந்தது.

மலாய் மொழியில் ‘அகார்-அகார்’ என்றால் ஒருவகைக் கடற்பாசி. அதைக் காய்ச்சி உறையவைத்த பண்டத்துக்கும் அதுவே பெயர். குளிர்கால இரவில் உறையவிட்டுப் பகலில் உலர்த்தும் ஜப்பானியர் அதைக் ‘காந்தென்’ என்கிறார்கள். குளிர் வானம் என்று பொருள். நம்மூர் நோன்புக் காலத்தில் அதையே பாலில் காய்ச்சித் துண்டு போட்டு ‘கடல்பாசி’ என்கிறோம். கடைக்காரருக்கு அது ‘சைனா கிராஸ்’. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள்.

இந்தத் தின்பண்டம் ஆய்வகத்துக்குள் நுழைந்தது ஜெர்மனியில். நோய்க்குக் காரணமான கிருமி இன்னது என்று நிறுவ வேண்டுமானால், கலந்து கிடக்கும் பல வகைகளிலிருந்து ஒன்றை மட்டும் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். திரவத்தில் அது பெரும்பாடு. எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ராபர்ட் கோக் முதலில் வெந்த உருளைக்கிழங்கு வில்லைகளில் வளர்த்தார், பிறகு ஜெலட்டினில். கிருமிகள் செழிக்கும் 37 டிகிரி வெப்பத்தில் ஜெலட்டின் இளகி ஓடியது. பல பாக்டீரியாக்கள் அதையே கரைத்தும் தின்றன.

அவரிடம் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேக்கும் அதே தொல்லை. அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே நியூயார்க்கில் பிறந்தவர்; முன்பு ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் ஒருவர் வழியாக அகாரை அறிந்து, வெயில் காலத்திலும் இளகாத பழப்பாகு செய்து வந்தார். அதைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று கணவரிடம் சொன்னவர் அவரே. அகார் இளக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். ஆறும்போது 40 டிகிரிக்கு அருகில்தான் இறுகும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியாது. அதன்மேல் கம்பி வளையத்தால் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனால், கடைசிக் கோடுகளில் கிருமிகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். ஒவ்வொன்றும் மறுநாள் கண்ணுக்குத் தெரியும் தனிக் காலனி ஆகும். தூய வளர்ப்பு என்பது இதிலிருந்து தொடங்குகிறது.

1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார், ஃபானியைக் குறிப்பிடவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மூடியிட்ட வட்டத் தட்டை அறிமுகப்படுத்திய பெத்ரியின் பெயரோ தட்டோடு ஒட்டிக்கொண்டது. அகாரில் வேறு பொருள்களைச் சேர்த்தவர்களின் பெயர்களும் நிலைத்தன: மெக்கான்கி அகார், சபூரோ அகார். அகாரையே கொண்டுவந்து கொடுத்தவருக்கு மட்டும் அந்த இடம் இல்லாமல் போனது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். 1939-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் இருவர் இதைத் திருத்த முயன்றார்கள். வெறும் அகார் ஊடகத்தை ‘ஹெஸ்ஸே அம்மையாரின் ஊடகம்’ என்று அழைக்கலாம் என எழுதினார்கள். அந்தப் பெயர் வழக்கில் ஏறவில்லை. மலாய்ச் சொல்லே நின்றது, அதுவும் இரட்டிப்பில் ஒரு பாதி உதிர்ந்து.