தறியும் சான்றிதழும்: 1972 கல்விச் சீர்திருத்தம் - ஒரு மீள்பார்வை

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்களைக் கடந்து செல்ல முடியாது. அவரைப் போற்றுவோர் முஸ்லிம் பாடசாலைகளையும் ஆசிரியர் நியமனங்களையும் பற்றிப் பேசுவர். தூற்றுவோர் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலைப் பற்றிப் பேசுவர். இரு சாராரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டு தொடங்கி, இந்நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒரு கைத்தொழிலைப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று அவரது அமைச்சு வகுத்த விதிதான் அது. "தொழில்முன்னிலைப் பாடம்" என்று அதற்குப் பெயர். அதைப் படித்த முதல் தொகுதியில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

பாடசாலை பிள்ளையை உயர்கல்விக்குத் தயாராக்க வேண்டுமா, பிழைப்புக்குத் தயாராக்க வேண்டுமா என்ற கேள்வி 1972இல் பிறந்ததன்று. சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய 1882ஆம் ஆண்டிலேயே, வியாபாரம் தெரிந்தால் போதும், படிப்பு எதற்கு என்ற நம்மவரின் எண்ணத்தோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1892இல் மருதானையில் ஸாஹிறா தோன்றியது. அதற்கு மறு ஆண்டு, 1893இல், இன்று அதே மருதானையில் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் நிகழ்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறந்த இவ்விரண்டில் நம் சமூகம் எதைத் தன் கனவாக்கிக் கொண்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதில் நம்மவரை மட்டும் குறைகூற முடியாது. ஆங்கிலப் பாடசாலையில் படித்தவன் லிகிதர் ஆனான், அப்புக்காத்து ஆனான். சுயமொழிப் பாடசாலையில் படித்தவன் வயலுக்கோ கடலுக்கோ திரும்பினான். நாடு முழுவதும் இக்கணக்கைத் தெளிவாகவே அறிந்திருந்தது.

1930களில் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் தொடங்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம் இக்கணக்கோடுதான் மோதியது. கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்து வாழ்வோடு ஒட்டிய கல்வி, விவசாயம், சுகாதாரம், கைப்பணி என்று நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட திட்டம் அது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் ஆதரவும் அதற்கு இருந்தது. பெற்றோர் கேட்டது ஒரு கேள்விதான்: உங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க, எங்கள் பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்கவா? திட்டம் மெல்ல மங்கி மறைந்தது.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. இலவசக் கல்வி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இவ்வறிக்கையே. ஆனால் ஆரம்பக் கல்விக்குப் பின்னர் பிள்ளைகளைப் பரீட்சை மூலம் பிரித்து, சிலரை ஏட்டுக்கல்விப் பாடசாலைக்கும் ஏனையோரைச் செயன்முறைப் பாடசாலைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பதும் அதே அறிக்கையின் யோசனைதான். 1945இல் இலவசக் கல்வி வந்தது. பிரிக்கும் யோசனை கடதாசியிலேயே தங்கிவிட்டது. மக்கள் பிரதிநிதிகளுக்கு வாக்காளரின் மனம் தெரியும். மத்துகமவில் தொடங்கி ஐம்பத்து நான்காகப் பெருகிய மத்திய கல்லூரிகளிலும் விவசாயமும் கைவினையும் வணிகமும் இருக்க வேண்டும் என்றுதான் முதலில் எண்ணப்பட்டது. சில ஆண்டுகளில் அவை பல்கலைக்கழகத்தை நோக்கிய பாடசாலைகளாயின. இதைத் தோல்வி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. குக்கிராமத்துப் பிள்ளை வைத்தியனானது அவ்வழியால்தான்.

நம் பக்கத்தில் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார். யுத்த காலத்தில் உணவு உற்பத்திக் கடமைக்காகக் கல்முனைக்கு வந்த அந்த சிவில் சேவை அதிகாரி, கிழக்கின் முஸ்லிம் பிள்ளைகளிடம் இல்லாதது புத்தியல்ல, பணமும் வழிகாட்டலுமே என்று கண்டார். 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கானது. தச்சுப் பட்டறைக்கு அனுப்புவதற்கானதல்ல. 1948 முதல் 1961 வரை ஸாஹிறாவின் அதிபராக அவர் செய்ததும் அதன் தொடர்ச்சியே.

பிரச்சினை 1960களில் முற்றியது. 1942இல் 904 மாணவருடன் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், சுயமொழிக் கல்வி உயர்கல்வி வரை சென்ற பின்னர் பத்தாயிரத்தைத் தாண்டிய மாணவரைக் கொண்டதாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் கலைப் பட்டதாரிகள். கிராமத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பிள்ளைகள் வேறு எதைத்தான் படிப்பது? பட்டத்தோடு வந்தவர்களுக்கு உத்தியோகம் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்றவர்களின் தொகையோ அதனிலும் பன்மடங்கு. 1971 ஏப்ரலில் அக்கோபம் துப்பாக்கியேந்தியது. அதே ஆண்டு சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த குழு, இருக்கும் வேலைக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையே நோயின் மூலம் என எழுதியது.

இப்பின்னணியில்தான் 1972 சீர்திருத்தம் வந்தது. அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அமைச்சின் செயலாளராக இருந்து திட்டத்துக்கு உருக்கொடுத்தவர் கலாநிதி பிரேமதாச உடகம. பாடசாலை சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாயிற்று. ஐந்து வருட ஆரம்பக் கல்வி, ஆறு முதல் ஒன்பது வரை கனிஷ்ட இடைநிலை, அதன்மேல் இரண்டு வருடம் என்று அமைப்பு மாறியது. சாதாரண தரத்துக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம். என்.சி.ஜீ.ஈ. என்றால்தான் என் வயதொத்தவர்களுக்குப் புரியும். கலை, விஞ்ஞானம் என்ற பிரிவு அந்த வயதில் கிடையாது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி, சுகாதாரம், அழகியல் எல்லாம் எல்லாருக்கும். இவற்றோடு தொழில்முன்னிலைப் பாடங்கள் இரண்டு. கொழும்பின் பெரிய கல்லூரி மாணவனும் குச்சவெளி மாணவனும் ஒரே பாடத்திட்டம். பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் 1943இன் யோசனையை விட இது எவ்வளவோ நியாயமானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கன்னங்கரா குழு சிலருக்கு ஒதுக்க நினைத்த கைத்தொழிலை இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக்கினர்.

எந்தத் தொழிலைப் படிப்பிப்பது என்பதைப் பாடசாலை தன் சுற்றாடலைப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். மீன்பிடி, மட்பாண்டம், தச்சு, பன்வேலை, தேனீ வளர்ப்பு என்று நீண்ட பட்டியல் இருந்தது. எங்கள் ஊர் கிழக்குக் கரையில் ஒரு நெசவாளர் ஊர். தெருவில் நடந்தால் இரு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் பாடசாலை எதைத் தெரிந்திருக்கும் என்று வாசகர் இலகுவில் ஊகிக்கலாம்.

நெசவு படிப்பிக்க நியமிக்கப்பட்டவர் அதுவரை சமூகக் கல்வி படிப்பித்தவர். நல்ல மனிதர், ஆனால் தறியைத் தொட்டறியாதவர். பாவோடுவது எப்படியென்று கரும்பலகையில் படம் வரைந்தார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். படம் பிழை என்று எங்களுக்குத் தெரியும். இரண்டாம் தவணையில் நாங்கள் அவருக்கு நாடா எறியக் காட்டிக் கொடுத்தோம். அவரும் கூச்சமின்றிக் கற்றுக்கொண்டார். ஊரின் கைவினைஞரை வகுப்புக்கு அழைத்துப் படிப்பிக்கலாம் என்று திட்டத்தில் இடமிருந்ததாம். அழைத்திருந்தால் வந்திருக்க வேண்டியவர்களில் என் வாப்பாவும் ஒருவர். யாரும் அழைக்கவில்லை.

நான் வீட்டில் கொப்பியைக் காட்டிய அன்று வாப்பா தறியை நிறுத்திவிட்டுச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "தறி வேலைய நான் காட்டித் தருவன் மகன். எனக்குத் தெரியாததப் படிக்கத்தான் உன்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற."

இதற்கு எந்தக் கல்வியியலாளரிடமும் பதில் இருந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை. பிலிப் பொஸ்ட்டர் என்பவர் கானா நாட்டின் அனுபவத்தை வைத்து 1965இல் இதே விடயத்தை எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். பெற்றோர் ஏட்டுக்கல்வியை நாடுவது அறியாமையால் அன்று. உத்தியோகத்துக்குக் கிடைக்கும் ஊதியத்தையும் மதிப்பையும் கண்ணால் கண்டதால்தான். வெளியே சம்பளம் மாறாதவரை பாடத்திட்டத்தை மாற்றி ஆசையை மாற்ற முடியாது என்பது அவர் வாதம். 'டிப்ளோமா நோய்' என்ற பொருளில் தலைப்பிட்டு 1976இல் ரொனால்ட் டோர் எழுதிய நூலில் இலங்கைக்கே ஒரு அத்தியாயம் உண்டு. வாப்பா இவர்களில் எவரையும் படித்ததில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் மறைக்கக்கூடாது. ஒரு கையால் தறியையும் உளியையும் நீட்டிய அதே அமைச்சின் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதி நாட்டின் மிகப்பெரிய சச்சரவாயிற்று. மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் இருந்த சொற்ப இடங்களுக்காகச் சமூகங்கள் மோதிக்கொண்டன. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது உண்மை. அதிக புள்ளி பெற்ற யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அதே கதவு மூடப்பட்டதும் உண்மை. அந்தக் காயம் பின்னர் எங்கு கொண்டுபோய் விட்டது என்பதை வடகிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் எழுத்துகளில் முதல் உண்மையை எழுதுபவர்கள் இரண்டாவதை எழுதுவது அபூர்வம். கல்வி பற்றிய கட்டுரைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நாடே பல்கலைக்கழகக் கதிரைக்காகச் சண்டையிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனிடம், உன் மகனுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லித் தருகிறோம் என்றால் அவர் எதை நம்புவார்?

1975இன் இறுதியில் நாங்கள் முதலாவது என்.சி.ஜீ.ஈ. எழுதினோம். நெசவுப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையும் இருந்தது. தறியில் என்னை விடக் கெட்டிக்காரனான ஒரு கூட்டாளி, எழுதத் தெரியாமல் அதில் குறைந்த சித்தியே பெற்றான். எனக்குக் கிடைத்ததோ திறமைச் சித்தி. எல்லாவற்றையும் பரீட்சையாக்கும் நம் நாட்டின் வல்லமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் சீர்திருத்தத்தின் நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். எங்கள் பாடசாலையில் அதற்குமுன் விஞ்ஞானம் பெயரளவுக்குத்தான். கட்டாயப் பாடமானதால் முதன்முறையாக ஒரு விஞ்ஞான ஆசிரியர் வந்தார். ஒரு அலுமாரியும் சில சோதனைக் குழாய்களும் வந்தன. பெண்பிள்ளைகளும் கணிதமும் விஞ்ஞானமும் படித்தனர். எங்கள் ஊரின் முதல் பெண் விஞ்ஞான ஆசிரியை அந்த வகுப்பிலிருந்து வந்தவர். தொழிலுக்காக வைத்த பாடம் தொழில் தரவில்லை. எல்லாருக்கும் வைத்த விஞ்ஞானம் தந்தது.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. உயர் தேசிய சான்றிதழ் வேர்பிடிக்குமுன்னரே பிடுங்கப்பட்டது. சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன. அரசியல் கோபத்தில் செய்தது என்று சிலர் சொல்வர். பெற்றோரில் கண்ணீர் விட்டவர் எவரையும் நான் காணவில்லை.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக வந்திறங்கியது. கைத்தறி படுத்தது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கியது. பள்ளிக்கூடத்தை நம்பி நெசவைத் தொழிலாகக் கொண்டிருந்தால் என் தலைமுறை பட்டினி கிடந்திருக்கும். மறுபுறம், வளைகுடா நாடுகள் ஆள் கேட்டன. மேசனும் தச்சனும் ஒட்டு வேலை தெரிந்தவனும் மின்னிணைப்புத் தெரிந்தவனும் லிகிதரைவிடப் பன்மடங்கு உழைத்தனர். அயலூர்ப் பாடசாலைகள் சில தச்சைத் தெரிந்திருந்தன. பலகை சீவப் பழகிய அப்பிள்ளைகள் இன்று சிரிக்கக்கூடும். பரீட்சையில் தோற்ற என் நெசவுக் கூட்டாளி ஜித்தாவில் தையல் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் வகுப்பிலேயே முதலில் கல்வீடு கட்டினான். ஐந்து வருடத்துக்கப்பால் எந்தத் தொழில் இருக்கும், எது அழியும் என்பதை அமைச்சும் அறியவில்லை, வாப்பாவும் அறியவில்லை.

பின்னர் 1980களில் வாழ்க்கைத் திறன்கள் என்ற பாடம் வந்தது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. அது நிலைத்ததற்குக் காரணம் வெளிப்படை: பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் அமைந்தன, நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒன்றுண்டு. பட்டம் கிடைக்கும் என்றதும் பெற்றோர் சம்மதித்தனர். 2017இல் பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி வந்தது. சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் பிள்ளையை வெளியே தள்ளாமல், தொழிற்பாடங்களோடு தேசிய தொழிற் தகைமைக்கு வழிகாட்டும் ஏற்பாடு அது.

இத்திட்டம் பற்றிப் பெற்றோருக்கு விளக்கும் கூட்டமொன்றுக்குச் சில வருடங்களுக்கு முன் போயிருந்தேன். அதிகாரி படங்கள் காட்டி அழகாகவே விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து, "இதப் படிச்சா கெம்பஸ் போகலாமா சேர்?" என்று கேட்டார். போகலாம், ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்றார் அதிகாரி. "ஏழாம் மட்டத்துக்கு எத்தின வருஷம் போகும்? அது எங்கட ஊரில இருக்கா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதிகாரி கையிலிருந்த கோவையைப் புரட்டினார். தாய் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.